வஜ்ஜிரம் இளகிய நாள்

சாரல் காலத்து வெளிச்சத்தில் பால் கலந்திருக்கும். கண்ணைக் குத்தாது. அந்த வெளிச்சத்துக்கு எதிரே கிட்டாரின் மேல்பலகையைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கிற கை தெரியும். விரல் ஐந்தும் நிழலாகத் தெரியும். அவ்வளவு மெல்லிசு.

ஒரே துண்டைப் புத்தகம் போலப் பிளந்து, விரித்து, நடுவில் சேர்த்து ஒட்டிய பலகை. இந்தப் பக்க ரேகையும் அந்தப் பக்க ரேகையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், எதிரெதிரே உட்கார்ந்த சம்பந்திகள் மாதிரி.

தட்டினேன்.

யாரது, என்றது.

நான்தான், என்றேன். இன்னும் கொஞ்சம் இழைக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

செங்கோட்டையில் மரக்கடைகளுக்குக் குறைவில்லை. மரக்கடைத் தெருவுக்குப் பின்னால், எங்கள் வீட்டின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, நானும் என் வீட்டுக்காரரும் கிட்டார் செய்கிறோம். அவர் பெயர் தொம்மை. அறுப்பது, இழைப்பது, வளைப்பது அவர். தட்டிக் கேட்பது நான்.

மரத்தின் ஈரம் அவருக்கு விரலில் தெரியும். எனக்குச் சத்தத்தில் தெரியும். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். ஒருவர் வேலையில் இன்னொருவர் நுழைவதில்லை. நுழைந்தால் சண்டை.

இந்தக் கிட்டார் ஜெனோவா டீச்சருக்கு.

தென்காசி மாதா கோயிலில் இருபது வருஷம் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசித்தவள். டீச்சர் என்றாலும் என் மகள் வயசு. இரண்டு வருஷத்துக்கு முன் மாவு அரைக்கும்போது கிரைண்டரில் கை போய்விட்டது. இடது கை. கடைசி இரண்டு விரல்கள்.

கிட்டாரில் கம்பியை அழுத்துகிற கை அதுதான்.

வைகாசியில் வந்தாள். பட்டறை மேஜை மேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"பெரியப்பா, எல்லாத்தையும் திருப்பி வச்சு எனக்கு ஒண்ணு செஞ்சு தருவியளா? இந்த இடது கை மீட்டட்டும். இந்த வலது கை அழுத்தட்டும்."

"நாப்பது வயசுல வலது கைக்கு ஆனா ஆவன்னாவா டீச்சர்?"

"நாப்பத்தி மூணு."

"அப்பச் சரி. நாப்பதுன்னா யோசிச்சிருப்பேன்."

சிரித்தாள். பிறகு சொன்னாள். "ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாள். அன்னைக்கு நான் வாசிக்கணும். இல்லன்னா, பட்டன அமுக்குனா தாளம் வர்ற பெட்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்காவ, அதுக்கு எடத்த விட்டுட்டுக் கீழ பெஞ்சுல போய் உக்காந்துருவேன். ரெண்டு வருசமா ஒரு ஓரமா நிக்கேன். எனக்கே என்னமோ போல இருக்கு."

சொல்லிக்கொண்டே இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் எடுத்துக்கொண்டாள்.

பழைய கிட்டாரிலேயே கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிப் பார்த்தாளாம். கனத்த கம்பிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். கட்டத்தான் செய்யும். வெளியே கம்பியை மாற்றினால் போதுமா. உள்ளே இருப்பது மாற வேண்டாமா.

உள்ளே இருப்பவை குச்சிகள். சுண்டுவிரல் தடிமனில், மேல்பலகையின் உட்புறத்தில் ஒட்டுகிற குச்சிகள். இரண்டு பெருக்கல் குறி போலக் குறுக்கே போகும். அதற்குக் கீழே இரண்டு சாய்வாக நிற்கும். கனத்த கம்பிப் பக்கம் ஒரு விதம், மெல்லிய கம்பிப் பக்கம் ஒரு விதம். யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் குரல் அங்கேதான் இருக்கிறது.

ஆனி பிறந்தது. சாரலும் வந்தது.

பலா மரத்தில் பக்கவாட்டுச் சட்டங்கள். மஞ்சள் அரைத்துப் பூசின மாதிரி நிறம். நனைத்து, சூடேறிய இரும்புக் குழாய் மேல் வைத்து, மெல்ல அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் ஒடியும். பயந்தால் வளையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி வரும். அந்த நொடியில் மரம், சரி, என்று சொல்லும். அவர் கைக்கு மட்டும் சொல்லும்.

அந்தச் சரிக்காக அவர் காத்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. இன்னும் பிடிக்கும்.

குச்சிகளுக்குக் கோடு போட்டது நான். பென்சிலால், பலகை மேல். அவர் அந்தக் கோட்டின் மேல் ஒட்டினார். பின்பலகையையும் வைத்துப் பெட்டியை மூடினோம்.

மூடிய பிறகுதான் பலகைக்கு முழுக்குரல் வரும். இரண்டு நாள் காயவிட்டு, காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் தட்டினேன். அந்த நேரத்தில் காது சுத்தமாக இருக்கும்.

வலது ஓரம் தட்டினேன். இடது ஓரம் தட்டினேன்.

மறுபடியும் தட்டினேன்.

பெரிய குரல் வர வேண்டிய இடத்தில் சின்னக் குரல். சின்னக் குரல் வர வேண்டிய இடத்தில் பெரியது. இரண்டு பேர் வீடு மாறிக் குடிபோன மாதிரி.

எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. கிட்டாரை எல்லாரும் முகத்தைப் பார்த்து அறிவார்கள். நாங்கள் குச்சி ஒட்டுவது உட்புறத்திலிருந்து. அங்கிருந்து பார்த்தால் இடம் வலமாகும், வலம் இடமாகும். அதனால் எப்போதுமே மனசுக்குள் திருப்பித்தான் கோடு போடுவேன். இது இடக்கைக் கிட்டார். இன்னொரு முறை திருப்ப வேண்டும். திருப்பினேன். எங்கேயோ ஒரு திருப்பல் கூடிவிட்டது.

உள்ளே இருந்தது, யார் வேண்டுமானாலும் வாசிக்கிற சாதாரணக் கிட்டார். ஜெனோவாவைத் தவிர.

தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

யாருக்குத் தெரியும், என்று எனக்கு நானே சொன்னேன். அவருக்கே தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. வாங்கிக்கொண்டு போவாள். வாசிப்பாள். சத்தம் எழும்பாது. புதுக் கை, அதனால்தான், என்று நினைப்பாள். இன்னும் கொஞ்சம் அழுத்துவாள். இன்னும் எழும்பாது. பிறகு கிட்டாரை உறையில் போட்டுவிட்டுக் கீழே பெஞ்சில் போய் உட்காருவாள். என் தப்புக்குத் தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு.

மிச்சமிருந்த நம்பிக்கையையும் நானே கிரைண்டரில் போட்ட மாதிரி ஆகும்.

அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கேருங்க. ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"சட்னில உப்பா?"

"டீச்சர் பெட்டில. உள்ள குச்சி பக்கம் மாறிப் போச்சு."

கை அப்படியே நின்றது.

"கோடு போட்டது யாரு?"

"நான்தான்."

"ஒட்டுனது யாரு?"

"நீங்க."

"அப்பப் பாதிப் பாதி. சட்னிய ஊத்து."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத்தான் தாங்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வஜ்ஜிரத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. ஊறவைத்து, வெந்நீருக்குள் கிண்ணம் வைத்து உருக்குவார். தெருவே மூக்கைப் பிடிக்கும். கடையில் வெள்ளைப் பசை டப்பாவில் கிடைக்கிறதே, ஏன் இந்த நாற்றம், என்று எத்தனை நாள் ஏசியிருக்கிறேன். அவர் கேட்டதில்லை.

வெள்ளைப் பசை பிடித்தால் பிடித்ததுதான். பலகையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வஜ்ஜிரம் அப்படி இல்லை. பிடி என்றால் பிடிக்கும். கொஞ்சம் சூடு, கொஞ்சம் ஈரம், விடு என்றால் விடும். மனுஷர்களிடம்கூட அதைப் பார்ப்பது அபூர்வம்.

மெல்லிய கத்தியைச் சூடுகாட்டி மூட்டில் நுழைத்தார். ஒரு சொட்டு வெந்நீர். ஒரு விரற்கடை. மறுபடி சூடு. மறுபடி சொட்டு. பகல் முழுக்க. பின்பலகை ஒரு பெருமூச்சோடு எழுந்து வந்தது. உள்ளே என் பென்சில் கோடு, ஒன்றும் தெரியாதது போலப் படுத்திருந்தது.

மேல்பலகையும் சட்டத்தை விட்டு வந்தது, குச்சிகளும் வந்துவிட்டன. ஆனால் பலகை தண்ணீர் குடித்துவிட்டது.

ஈரம் குடித்த பலகையில் குச்சி ஒட்டினால், சித்திரை வெயிலில் பலகை சுருங்கும், குச்சி விடாது, நடுவில் வெடிக்கும். காய வைக்க எங்களிடம் பல்பு எரிகிற மர அலமாரி ஒன்று உண்டு. அன்று சாயங்காலமே காற்றில் மரம் முறிந்து மின்கம்பி மேல் விழுந்தது. எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. சரிசெய்ய நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் பலகை நெளிய ஆரம்பித்துவிடும்.

அடுத்த நாள் காலையில் ஜெனோவா வந்து நின்றாள். கையில் ஒரு மரச்சட்டம். அதில் பேனாவால் கோடுகள். இரண்டு மாதமாகச் சத்தமே இல்லாமல் அந்தச் சட்டத்தில்தான் வலது கை விரல்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு வேகம் வந்திருக்கிறது என்று காட்ட வந்தவள், குடல் எடுத்த மீன் மாதிரி மேஜையில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

மறைக்காமல் சொன்னேன். கூடிப்போன அந்த ஒரு திருப்பல் வரைக்கும் சொன்னேன்.

பலகையில் இருந்த என் பென்சில் கோட்டை விரலால் தடவினாள். பிறகு கேட்டாள்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா பெரியம்மா?"

"தெரிஞ்சிருக்காது டீச்சர். கையத்தான் ஏசியிருப்பிய."

தன் வலது கையைப் பார்த்தாள். புதிதாக ஒருவரைப் பார்ப்பது போல.

"எங்க வீட்ல கரண்ட் இருக்கு," என்றாள்.

பலகையைப் பருத்திச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தென்காசி பஸ்ஸில் போனோம். கண்டக்டர் என்ன இது என்று கேட்டார். "கைக்குழந்தை, டிக்கெட் கிடையாது," என்றார் இவர்.

அவள் வீட்டு இரும்பு பீரோவைத் திறந்தாள். பட்டு, பூனம், மாதா கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளை, எல்லாச் சேலையையும் கட்டிலில் கொட்டினாள். உள்ளே இரண்டு பல்பு தொங்கவிட்டோம். கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தோம். அந்த இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தரையில் கோடு போட்டது.

நாலு நாள் அவள் கட்டில் மேல் சேலை மலை. அவள் பாயில்.

தினமும் பஸ் ஏறிப் போய்த் தட்டினேன். முதல் நாள் பலகைக்குச் சளி. இரண்டாம் நாள் முனகல். நாலாம் நாள் காலையில் தட்டியபோது, யாரது, என்று தெளிவாகக் கேட்டது.

இந்த முறை நான் மனசுக்குள் எதையும் திருப்பவில்லை. பலகையை வாசிக்கிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் இடது கைக் கட்டைவிரல் மேலிருந்து இறங்கி முதலில் தொடுகிற பக்கம் எதுவோ, அதுதான் கனத்த பக்கம். அங்கே விளிம்பில் ஒரு கீறல் போட்டேன். விளிம்புக்கு உள் வெளி கிடையாது. எப்படித் திருப்பினாலும் அது அங்கேயே இருக்கும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து இது தெரிந்தது.

அதே பீரோவில்தான் ஒட்டினோம். கீழ்த்தட்டில் பலகை. குச்சிக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் மூங்கில் சிம்புகளை வில்லாக வளைத்துச் செருகினார் இவர். அவை நிமிரப் பார்க்கும். அந்த நிமிர்ச்சிதான் குச்சியை அழுத்தும். சிம்பு செருகி முடிகிற வரை குச்சி நழுவாமல் ஒரு கை பிடிக்க வேண்டும். பீரோவுக்குள் இடமே இல்லை. இவர் கை பெரிது. என் கை நடுங்கும்.

அவள் இடது கையை நீட்டினாள்.

மூன்று விரல். சிம்புகளுக்கு நடுவே சரியாக நுழைந்தது. ஐந்து விரல் நுழைந்திருக்காது. பல்பு வெளிச்சத்தில் வஜ்ஜிரம் மினுங்கியது. வஜ்ஜிரம் இறுகுகிற வரை அவள் கை அசையவில்லை.

"சேலை பூரா இந்த நாத்தம்தான் இருக்கப் போகுது," என்றாள்.

"மாதா ஒண்ணும் சொல்லமாட்டா," என்றார் இவர்.

பிறகு பெட்டியை மூடினோம். கழுத்தைச் சேர்த்தோம். அரக்குப் பாலிஷ் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தது நான். ஐந்து பூச்சுக்குத்தான் நேரம் இருந்தது. ஐந்து போதும் என்றது பலா.

ஆகஸ்ட் பதினைந்து. சாயங்காலப் பூசை. மேற்கே மேகத்துக்குக் கீழே சூரியன் ஒரு சாண் இடைவெளி கண்டுபிடித்து எட்டிப் பார்த்தது. சாரலும் விழுந்தது, வெயிலும் விழுந்தது.

பாடகர் குழுவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் நாங்கள் இருவர்.

வருகைப் பாட்டு. முதல் மீட்டலில் ஒரு கம்பி செத்த சத்தம் போட்டது. விரல் சரியாகப் பதியவில்லை. தாளப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பையன் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனான். அவள் அவனைப் பார்த்து, வேண்டாம், என்று தலையை ஆட்டினாள். விரலை எடுத்தாள். வைத்தாள். மீட்டினாள்.

கனத்த கம்பி வாயைத் திறந்தது. முழுசாக. பெஞ்சுப் பலகை வழியாக என் முழங்காலுக்கு வந்தது.

இவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே பார்த்தபடியே தும்முகிற மாதிரி கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிற சுரக்கட்டுகள் மூன்றுதான். இடம் மாறும்போது கொஞ்சம் தாமதம். குழு அவளுக்காகக் காத்திருந்து பாடியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அதற்கும் நன்றி.

பிரசங்கம் தொடங்கியது. ஜெனோவா பெஞ்சு ஓரமாக என் பக்கம் நகர்ந்து வந்தாள். வலது கையை என் மடியில் மலர்த்தி வைத்தாள். நாலு விரல் நுனியிலும் கம்பி பதிந்த சிவப்புக் கோடு.

"எரியுது பெரியம்மா."

"எரியட்டும் டீச்சர்."

"ரெண்டு வருசம் கழிச்சு எரியுது."

சாமியார் மாதாவின் தாழ்ச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக ஊதினேன். சாரல் நனைத்த வெயில் ஜன்னல் வழியாக வந்து எங்கள் கைகள் மேல் விழுந்தது.

காணிக்கைப் பாட்டுக்கு எழுந்தார்கள். கையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.