தவறு பொறுக்காத கரும்பலகை

சவாயி தீவில் ஃபுவாதினோ டீச்சரின் தவறுகளைக் கரும்பலகை தானே திருத்த ஆரம்பித்தது, மாசினா என்ற சிறுமி அவள் வகுப்புக்கு வந்த வாரம். பெருக்கலில் ஓர் எண் பிசகினால் அது மெல்ல நெளிந்து சரியாகிவிடும். மாசினா காய்ச்சலில் படுத்த நாட்களில் எந்தத் தவறும் அசையவில்லை. ஆகவே குற்றவாளி யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. மாசினாவின் அம்மா தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரையோடு வந்து, டீச்சர் முன் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள்.

"பெரியவங்க தப்பா எழுதினா அப்படியே இருக்கட்டும்டின்னு சொல்லிட்டேன் டீச்சர். கேக்க மாட்டேங்குறா."

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா. அது தப்பு, அதான்" என்றாள் மாசினா.

"பெரிய புத்திசாலின்னு நெனப்பு!" என்ற ஃபுவாதினோ, கீரையை வாங்கிக்கொண்டாள்.

அந்த வயதில் அவளும் வகுப்பில் முதல். அவளுக்காக எந்தப் பலகையும் அசைந்ததில்லை. அதுதான் வயிற்றை எரித்தது. மாசினாவைக் கறிப்பலா மரத்தடிக்கு விரட்டினாள். திருத்தங்கள் நிற்கவில்லை, தூரத்தினால் கொஞ்சம் கோணலாக வந்தன.

அந்தப் பருவத்துக்குப் பாடம் நடத்த நியூசிலாந்திலிருந்து வந்த பெவர்லி டீச்சர் இதைப் பார்த்துப் பதறிப்போனாள். அவள் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பே உண்டு. எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, மாசினாவை உள்ளே அழைத்து அவளுக்கு மட்டும் முன்னால் நாற்காலி போட்டாள். அன்றுமுதல் பிள்ளைகள் மாசினாவை விளையாட்டில் சேர்க்கவில்லை. தின்னக் கொண்டுவந்ததைத் தனியாகத் தின்றாள்.

"ஏன் இப்படிப் பிரிச்சு வெக்கிறீங்க?" என்றாள் ஃபுவாதினோ.

"அவ வைரம். உங்களுக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டு, பெவர்லி பலகையில் எழுதினாள்: 'மாசினா மற்றப் பிள்ளைகளைப் போன்றவள் அல்ல.'

'அல்ல' அழிந்தது.

ஃபுவாதினோ வாய்விட்டுச் சிரித்தாள். பலகை கடைசியில் தன் கட்சிக்கு வந்துவிட்டது என்ற குஷியில் சுண்ணக்கட்டியைப் பிடுங்கி எழுதினாள்: 'மாசினா என்னைவிடப் புத்திசாலி அல்ல.'

அதிலும் 'அல்ல' அழிந்தது.

பலகையில் இருப்பதை டீச்சர் உரக்க வாசிக்க, பிள்ளைகள் திருப்பிச் சொல்வது அங்கே வழக்கம். ஃபுவாதினோ சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். பிறகு வாசித்தாள். "மாசினா என்னைவிடப் புத்திசாலி" என்று வகுப்பே கத்தியது. மாசினா மட்டும் தலை குனிந்திருந்தாள்.

"நாற்காலிய விட்டு எறங்குடி. பாயில போய் உக்காரு" என்றாள் ஃபுவாதினோ. பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

பின்னாளில் மாசினா தலைநகர் ஆப்பியாவுக்குப் படிக்கப் போனபோது, படகுத்துறையில் அவள் பெட்டியைத் தூக்கி வந்தவள் ஃபுவாதினோதான். "இன்னைக்கும் வயிறு எரியுதுடி, பத்திரமா போ" என்றாள். பலகை இப்போதும், அத்தனை தூரத்தினால் இன்னும் கோணலாக, திருத்திக்கொண்டுதான் இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஊர்ப் பாதிரியார் மறுநாள் பிரசங்கத்தை அதில் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறார்.