நான்காவது பெடல்

எங்கள் ரேஸ் குழுவில் தோற்றவன் எவனும் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. இடித்தான், தள்ளினான், ஏமாற்றினான் என்று ஞாயிற்றுக்கிழமை ரேஸ் முடிந்ததுமே புகார்கள் வந்து குவியும். ஓட்டுவதெல்லாம் வீட்டுக்குள்தான். மேஜையில் ஒரு ஸ்டீயரிங், காலடியில் மூன்று பெடல், எதிரே கம்ப்யூட்டர். ஆனால் ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

புகார்களை விசாரிக்கும் மூன்று நடுவர்களில் நான் ஒருத்தி. பகலில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்க எனக்கு அலுப்பதில்லை. வெற்றுப் புகார்கள்தான் எரிச்சலூட்டின. கடைசியில் ஒரு விதி கொண்டுவந்தேன். புகார் தவறு என்று ஆனால், கொடுத்தவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்க வேண்டும். அத்தோடு முக்கால்வாசிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆமை என்ற பெயரில் ஓட்டுபவர் அதுவரை ஒரு புகாரும் கொடுத்ததில்லை. அவர் பஸ் டிரைவர். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து, பொழுதுபோக்குக்கும் வண்டியே ஓட்டுகிற மனிதரை என்ன சொல்ல? யாரையும் உரசாமல் நிதானமாக ஓட்டுவார். அந்தப் பெயரும் அவரே சிரித்துக்கொண்டு வைத்துக்கொண்டதுதான்.

அவர் முதலிடத்தில் இருப்பவன் மேல் புகார் கொடுத்தார். முந்தப் போகும் போதெல்லாம் அந்தக் கார் கண்ணெதிரே மறைந்து, கொஞ்சம் தள்ளி முளைக்கிறதாம். மோதிவிடுவோமோ என்று இவர் பிரேக்கை மிதிக்க, அவன் போயே போய்விடுகிறானாம். வேண்டுமென்றே இன்டர்நெட்டைத் துண்டித்துத் துண்டித்து விடுகிறான் என்று எழுதியிருந்தார்.

முதலிடத்தில் இருப்பவன் என் தம்பி.

அவன் விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது, சொல்லவுமில்லை. போனில் அவனைக் கேட்டேன், அவ்வளவுதான்.

"மைக்ரோவேவ்தான்க்கா. அம்மா அதுல எதையாவது சூடு பண்ணா போதும், வைஃபை படுத்துடும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். அம்மா வீட்டில் நான் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும் போதே அது ஓடினால் எதிர்முனைக் குரல் அறுந்துபோகும். அதை அப்படியே மற்ற இரண்டு நடுவர்களிடமும் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லாமல், புகார் தவறு என்று ஒரே வரியில் ஆமைக்குத் தீர்ப்புப் போனது. அன்றைக்கே ஆமை குழுவில் எழுதினார்: "நான்தான் தப்பா பாத்துட்டேன். தம்பி மனசுல வச்சுக்க வேண்டாம்." அதற்குக் கீழே என் தம்பி: "பரவால்லண்ணா. யாருக்கும் நடக்கறதுதான்." எவ்வளவு பெரிய மனசு இவனுக்கு என்று பூரித்துப்போனேன்.

அதற்குப் பிறகு ஆமை ரேஸுக்கு வரவில்லை. வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கிறார், தானாக வருவார் என்று விட்டுவிட்டோம்.

போன சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி குளித்துக்கொண்டிருந்தான். போனுக்குச் சார்ஜ் போட அவனுடைய மேஜைக்கு அடியில் குனிந்தேன். சுவரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேரடியாக நெட் வயர் வந்திருந்தது, தூசி படிந்த பழைய வயர். வைஃபை படுத்தால் இவனுக்கென்ன? அந்த வயர் நடுவில் பெடல்கள் பக்கம் வளைந்து போயிருந்தது. மூன்று பெடலுக்கு இடப்பக்கம், தரையில் ஒட்டிய ஒரு சின்னக் கால் சுவிட்ச் வழியாக அது போனது. மேஜை விளக்குக்குப் போடுவார்களே, அது மாதிரி சுவிட்ச். மிதித்தேன். திரையில் நெட் போனது. காலை எடுத்தேன், வந்தது. இன்னொரு தடவை மிதித்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவன் என்னைப் பார்த்து நின்றுவிட்டான்.

"என்னடா இது?"

"அக்கா, கத்தாத. அம்மா காதுல விழும்."

"என்னடா இதுன்னு கேட்டேன்."

"அடுத்த மாசம் ஒரு ரேஸ் டீம்ல நிஜ டிராக்ல ஓட்டிப் பாக்கக் கூப்பிடறாங்க. முதல் இடத்துல இருக்கறவன மட்டும்தான். இது வெளிய தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது."

"ஆமை கதை?"

"அவருக்கென்ன? ஒரு மன்னிப்பு கேட்டாரு. அதுவும் உன் ரூல்தானே?"

கை ஓங்கிவிட்டேன். அவன் நகரவில்லை.

"மைக்ரோவேவ்னு நான் உன்கிட்டதான் சொன்னேன். நடுவர்களுக்குச் சொன்னது நீ."

ஓங்கிய கையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் ஆமைக்குப் போன் செய்தேன்.

"சார், நீங்க பாத்தது சரி. கார் நிஜமாவே மறைஞ்சுது."

"விடுங்க மேடம். எனக்கு ஆறுதல் சொல்லணும்னு இல்ல."

"ஆறுதல் இல்ல சார். அவன் காலடில நெட்ட நிறுத்தற சுவிட்ச் வச்சிருக்கான். நானே மிதிச்சுப் பாத்தேன்."

போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன்.

"நான் இப்ப பஸ் ஓட்டறதில்ல மேடம்," என்றார். "நானே வேற வேல கேட்டு எழுதிக் குடுத்துட்டு டிப்போ ஆபீஸ்ல உக்காந்திருக்கேன். மறையாத கார் மறைஞ்ச மாதிரி தெரிஞ்சா, நாளைக்கு ரோட்ல குறுக்க வர ஆள் தெரியாமப் போனா? பின்னாடி அத்தன பேர் உக்காந்திருப்பாங்களே. கண் டாக்டர் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு. நான்தான் நம்பல. நடுவர்ங்க நீங்க பாத்து, புகார் தப்புன்னு சொன்னீங்களே."

போனைக் காதில் வைத்தபடியே வீட்டுக்குள் திரும்பி நடந்தேன்.

"மேடம், இத குழுவுல எழுதுவீங்களா? எல்லாரும் பாக்கற மாதிரி? என் வீட்டுக்காரிகிட்ட காட்டணும். அவதான் இனிமே பஸ்ஸ எடுக்காதீங்கன்னு அழுதா."

எழுத உட்கார்ந்தேன். தம்பி பின்னாலேயே வந்து நின்றான். "அக்கா, வேணாம்க்கா. ஒரே ஒரு மாசம். அப்புறம் நானே சொல்லிடறேன்." அவன் குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். சாட்சி சொன்னபோதும் இப்படித்தான், அவனைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஆமை சரியாகத்தான் பார்த்தார் என்று முதல் வரி எழுதினேன். என் தம்பி ஏமாற்றினான் என்று இரண்டாவது வரி. நான் நடுவர்களிடம் சொன்ன சாட்சி தவறு, எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்கிறேன் என்று மூன்றாவது வரியும் எழுதி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும் போதே அனுப்பினேன்.