மைதானத்துக்குள் விழவேண்டிய ராக்கெட்

சனிக்கிழமை மதியம் மெல்பர்ன் கடைகள் கதவைச் சாத்திவிட்டால், திங்கள் காலைவரை தலைகீழாக நின்றாலும் ஒரு குண்டூசி வாங்க முடியாது. எழுபத்தாறாம் வருஷம் அதுதான் நடைமுறை. வரதராஜன் கடைசி நேரத்தில் ஓடிப்போய் மூன்று ராக்கெட் மோட்டார்களை வாங்கிக்கொண்டு, ரயிலேறி ஸ்பிரிங்வேல் வீட்டுக்கு வந்தபோது, பெரிய காரியத்தை முடித்துவிட்ட நிறைவோடு இருந்தான்.

மனைவி கிரிஜா பொட்டலத்தைப் பிரித்தாள். விரல் நீளத்தில், உள்ளே மருந்து அடைத்த மூன்று அட்டைக் குழல்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"நான் 'ஏ' மோட்டார் கேட்டேன். இது சி."

"கொஞ்சம்தான் விலை கூட. பழைய சரக்குன்னு தள்ளுபடி வேற. ஏயைவிட நாலு மடங்கு சக்தியாம், கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாங்கினேன்."

"தெரிஞ்சுக்கிட்டே வாங்கினீங்களா? அது இன்னும் மோசம்."

கிரிஜா பெண்கள் பள்ளியொன்றில் விஞ்ஞான ஆசிரியை. அவள் வகுப்புப் பிள்ளைகள் அட்டைக் குழலும் மெல்லிய பலகையும் ஒட்டி ஒரு ராக்கெட் செய்து, அதன் உடம்பு முழுக்கத் தங்கள் பெயர்களை எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை கடைசி வகுப்பில் அதைப் பறக்கவிட வேண்டும். தலைமையாசிரியை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ராக்கெட் பள்ளி மைதானத்துக்குள் விழுந்தால் வருஷம் முழுக்க ராக்கெட் பாடம் நடத்தலாம். வேலி தாண்டி ரோட்டில் விழுந்தால் அன்றோடு சரி.

"இதுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

"சி ஆறு ஏழு."

"எழுத்து, உள்ளே எவ்வளவு சக்தி இருக்குன்னு சொல்லுது. ஏ கால் லிட்டர் பால்னா பி அரை லிட்டர், சி ஒரு லிட்டர். அடுத்த எண், எவ்வளவு வேகமா ஊத்துதுங்கிறது. கடைசி எண்தான் எனக்குப் பிடிச்சது. மருந்து எரிஞ்சு முடிஞ்சதும் ராக்கெட் நின்னுடாது. பெடல் மிதிக்கிறதை நிறுத்தினாலும் சைக்கிள் ஓடுதில்ல? அப்படி மேல போயிட்டே இருக்கும். அந்தக் கடைசி எண் சொல்ற வினாடி பொறுத்து, உச்சிக்கு வந்ததும் உள்ளேயே ஒரு சின்ன வெடி வெடிச்சுப் பாராசூட் குடையை வெளியே தள்ளும்."

"அப்ப நல்ல உயரம் போகட்டுமே! பிள்ளைங்க வாயைப் பிளந்து பார்க்கும்."

"முந்நூறு மீட்டர் போகும். குடை விரிஞ்சா ஒரு நிமிஷத்துக்கு மேல காத்துல ஆடிக்கிட்டு இருக்கும். நீங்க சைக்கிள்ல போற வேகத்துக்குக் காத்தடிச்சாலும், ஒரு நிமிஷத்துல எங்கே போயிருப்பீங்க?"

வரதராஜன் கணக்கைக் கேட்டுக்கொண்டான், மனசு ஏற்கவில்லை. அவன் விருதுநகர்க்காரன். தீபாவளிக்கு ராக்கெட்டைப் பாட்டிலில் செருகிப் பற்றவைத்து வளர்ந்தவன். எவன் ராக்கெட் அதிக உயரம் போனது என்பதுதான் அங்கே பேச்சு. அது எங்கே விழுந்தது என்று யாரும் தேடிப்போனதில்லை.

"ராக்கெட்டுன்னா போனா போனதுதானே?"

"நாளைக்குப் பார்த்துடலாம்," என்றாள் கிரிஜா.

ஞாயிற்றுக்கிழமை பழைய ஹோல்டன் காரில் நகரத்தைக் குறுக்காகக் கடந்து டார்னெய்ட் என்ற கிராமத்துக்குப் போனார்கள். வரதராஜனோடு தொழிற்சாலையில் வேலை செய்பவரின் ஆட்டுப்பண்ணை அது. கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் கம்பி வேலியும். பிள்ளைகளின் ராக்கெட்டைத் தொடவில்லை. அதே அளவில், முதல் முயற்சியாகக் கிரிஜா செய்து வைத்திருந்த வெள்ளை ராக்கெட்டில் சி மோட்டாரைச் செருகினாள். மின்கம்பியை மோட்டாருக்குள் விட்டு, தள்ளி நின்று பொத்தானை அழுத்தினாள்.

சீறல் கேட்டது. வெள்ளைக் கோடு ஒன்று வானத்தில் ஏறியது. வரதராஜன் தன்னை மறந்து கைதட்டினான். எத்தனையோ உயரத்தில் குடை ஒரு புள்ளியாக விரிந்தது.

"விரிஞ்சிடுச்சு பார்! சரியா விரிஞ்சிடுச்சு!"

"விரிஞ்சது சரி. எங்கே போகுது பாருங்க."

புள்ளி கீழே வருவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் போனது. அவன் ஓட ஆரம்பித்தான். ஒரு வேலியைத் தாண்டினான், இரண்டாவதில் கால்சட்டை கிழிந்தது, மூன்றாவது வேலியில் நின்றுவிட்டான். ஆடுகள் தலைதூக்கி அவனைப் பார்த்தன. வெள்ளை ராக்கெட் கிழக்கே மரவரிசைக்கு அப்பால் எங்கோ இறங்கிவிட்டது. அந்த உயரம் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அதன் இடத்தில் பிள்ளைகள் பெயர் எழுதிய ராக்கெட்டை நினைத்துப் பார்த்ததும் வந்த வழியே நடந்தான்.

திரும்பி வந்ததும், "கடை திங்கள் காலையில எத்தனை மணிக்குத் திறப்பான்?" என்றான்.

"உங்களுக்கு வேலை இருக்கே."

"ஒரு நாள் லீவு போடறேன்."

"தள்ளுபடி ரொம்ப நல்ல தள்ளுபடிதான் போல."

"சரி, சிரிச்சுக்க."

திங்கட்கிழமை கடைசி வகுப்பு தொடங்குமுன் மூன்று ஏ மோட்டார்களோடு அவன் மைதானத்துக்கு வந்து சேர்ந்தான். தலைமையாசிரியை வேலியோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். காற்று நேற்றைப் போலவே அடித்தது. கிரிஜா ராக்கெட்டைக் காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, பொத்தானை ஒரு சிறுமியின் கையில் கொடுத்தாள்.

ராக்கெட் யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது.

"அவ்வளவுதானா மிஸ்?" என்று ஒருத்தி இழுத்தாள்.

வரதராஜன் ராக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். குடை விரிந்தது. காற்றில் சாய்ந்து வேலிப் பக்கம் நகர்ந்தது. வேலியோரம் வந்தால் எட்டிப் பிடித்துவிடலாம் என்பதுபோல அவன் குதிகாலை உயர்த்தி நின்றான். வேலிக்கு வெகு முன்பே, மைதானத்தின் நடுவைக் கொஞ்சம் தாண்டி, ராக்கெட் புல்லில் படுத்தது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி தூக்கிக் காட்டினாள். ஒரு பெயர்கூட அழியவில்லை.

தலைமையாசிரியை கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். "இன்னும் மோட்டார் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

வரதராஜன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கிரிஜா எரிந்த குழலை உருவி அவன் கையில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது. தீபாவளி விடியற்காலை வாசனை அடித்தது. அவள் புதிய மோட்டாரை அதே ராக்கெட்டில் செருகினாள். ஒரு ராக்கெட் இரண்டாம் முறை போவதை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.