சட்டைக் கை

வாசனைத் திரவியக் கம்பெனியில் அவளுக்கு மூக்கி என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். அந்தப் பெயரையும் இன்னொரு பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். அவள் கலக்கும் வாசனையில் வெறும் பூ இருக்காது. ரோஜாவுக்கடியில் ஈரச் சாக்கு, மல்லிகைக்கடியில் வியர்வை என்று ஒரு சொட்டு அழுக்கைச் சேர்ப்பாள். "கொஞ்சம் நாத்தம் இருந்தாத்தான் வாசனைக்கு உயிரு" என்று மேடையேறிச் சொன்னபோது கைதட்டினார்கள்.

அன்று அவளுடைய புது வாசனையை வாங்க வந்த வியாபாரி, வாசனையில் தோய்த்த காகிதக் குச்சிகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தார். மூக்கு மரத்துப்போனால் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: தன் சட்டைக் கையை முகர்வது. பழகிய வாசம் மூக்கைத் துடைத்துவிடும். மூக்கியும் தன் சட்டைக் கையை முகர்ந்துகொண்டாள். அடுத்த குச்சியை நீட்டினாள். வியாபாரி முகம் சுளித்தார்.

"இங்க ஏதோ மீன் கவிச்சி அடிக்குதே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் எழுந்தே விட்டார். சோப்பு வாசம்கூட நுழையக் கூடாத அறை அது. "யாரு உள்ள வந்தது?"

மூக்கி தன் சட்டைக் கையைப் பார்த்தாள். அம்மா ராத்திரியெல்லாம் ஷெட்டில் இறால் உரித்துவிட்டு, காலையில் வந்த கையோடு இந்தச் சட்டைக் கையில் பட்டன் தைத்துக் கொடுத்திருந்தாள். ஊர் வாசனையெல்லாம் பிரித்துச் சொல்கிற மூக்குக்குத் தன் வீட்டு வாசம் எட்டவில்லை.

"தரை துடைக்கிற அக்கா இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க." வாய் முந்திக்கொண்டது.

அக்கா மாப்போடு வாசலிலேயே நின்றாள்.

"மீன் கழுவிட்டு அப்படியே வந்துட்டியா? நாளையிலேர்ந்து வர வேணாம்," என்றார் மேனேஜர்.

"மீன்னாலே எனக்கு ஒத்துக்காது சார். அதுக்குத்தான் என் வீட்டுக்காரரு தினம் சண்ட கட்டுறாரு, வேணும்னா அவர்ட்டயே கேளுங்க." அக்கா மூக்கியின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. உன் மூக்குக்குத் தெரியாததா?"

மூக்கிக்கு உடம்பெல்லாம் கூசியது. கையை நீட்டினாள். "அக்கா இல்ல சார். நாத்தம் என் சட்டையில."

மேனேஜர் குனிந்து முகர்ந்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். "பாத்தீங்களா சார்? அடுத்த சரக்குக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டா. மேலயே பூசிக்கிட்டுத் திரியுறா."

வியாபாரியின் சுளித்த அதே முகம் மலர்ந்தது. "அட, கடலா?"

எங்கம்மா என்ற சொல் தொண்டைவரை வந்தது.

"ஆமா சார், கடல்."

அக்காவுக்கு வேலை தப்பியது. "நல்லா இரும்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அதற்குச் செருப்பைக் கழற்றியே அடித்திருக்கலாம்.

சாயங்காலம் ஷெட்டுக்குக் கிளம்பிய அம்மா, வாசல்படியில் நின்று கேட்டாள்.

"பட்டன் நின்னுச்சாடி?"

"நின்னுச்சும்மா."

"கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தச்சேன். எதுவும் அடிக்கலியே?"

மூக்கி சட்டைக் கையைச் சுருட்டி உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் தெரியலம்மா."