மூடியில் எழுதிய பெயர்

கிரேட்டாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்தது. நுண்ணோக்கியின் திரையில் உயிருள்ள செல் ஒன்று. அதற்குள் புரத மூலக்கூறுகள் ஒற்றை ஒற்றை ஒளிப்புள்ளிகளாக வந்து டி.என்.ஏ.வில் உட்கார்ந்து எழுந்து போயின. செல் வளரும் இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் விட்டதில் புள்ளி பத்து விநாடி உட்காரும், மருந்து விட்டதில் ஒரே விநாடியில் ஓடிவிடும். இரண்டு வருடமாக அவள் கண்டது அதுதான். இன்றைக்கு மருந்தில் அட்டையாய் ஒட்டிக்கொண்டது, தண்ணீரில் ஓடியது. மூன்று மணிக்குப் பேராசிரியர் லிண்ட்க்விஸ்டிடம் முடிவைச் சொல்லியாக வேண்டும். முனைவர் பட்டத் தேர்வுக்கு மூன்றே வாரம்.

பக்கத்து மேசை டெஸ்மண்ட், தின்றுகொண்டிருந்த சாண்ட்விச்சை ஆய்வகத்துக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தான். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

சொன்னாள்.

"கிண்ணத்துல மருந்து, தண்ணின்னு பேரை எங்க எழுதுன?"

"மூடியில. அடியில கண்ணாடி, எழுதுனா படம் கெட்டுரும்."

"அம்மா தாயே, ரெண்டு மூடியையும் ஒண்ணா கழட்டியிருப்ப. மாறிப்போச்சு."

"எப்பவும் அப்படித்தான் கழட்டுவேன். இன்னைக்கு மட்டும் ஒவ்வொண்ணா கழட்டுனேன்."

"அப்போ முன்னாடி எப்பவும் தலைகீழா வந்ததில்லையா?"

"வந்திருக்கு. மூடிதான் மாறிப்போச்சுன்னு நானே மாத்தி வச்சுப்பேன்."

"மாறிப்போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தலைகீழா வந்துச்சே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. "நேரா வந்தப்போ மூடி மாறலைன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

நோட்டைப் புரட்டினாள். இருபது நாள் சோதனையில் ஒன்பது இடத்தில் "மூடி மாற்றம்" என்று அவள் கையெழுத்தே இருந்தது. முழுப் பூசணிக்காயைத் தன் சோற்றிலேயே மறைத்துத் தானே உண்டிருக்கிறாள். ஊரை ஏமாற்றியிருந்தாலாவது ஒரு கணக்கு. எது சரி, அந்த ஒன்பதா, மற்ற பதினொன்றா? எத்தனை முறை பார்த்தும் பிடிபடவில்லை.

மூன்று மணிக்குப் பேராசிரியர் கேட்டார்: "மருந்து புரதத்தை விரட்டுதா, பிடிச்சு வைக்குதா?"

"தெரியலை டாக்டர். இந்த ரெண்டு வருஷத்துல ஒருநாள்கூட எனக்குத் தெரிஞ்சதில்ல." நோட்டை அவர் முன் திறந்து வைத்தாள். அவர் ஒன்பது பக்கத்தையும் படித்தார். பிறகு எழுந்து போய்ப் பலகையிலிருந்த தேர்வுத் தேதியை அழித்தார்.

திரும்பி வந்தவள் இரண்டு புதுக் கிண்ணங்களையும் பேனாவையும் டெஸ்மண்டிடம் நீட்டினாள்.

"மருந்தை நீயே விடு. மூடியில வேண்டாம், கிண்ணத்தோட பக்கவாட்டுல நம்பர் எழுது. எது மருந்துன்னு யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு. என்கிட்ட மட்டும் சொல்லிடாத."