பதில் சொல்ல ஓர் ஆள்

லிஃப்ட் வேலைக்கு ஒற்றை ஆளாகப் போகக் கூடாது. ஒருவர் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் நிற்பார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் கீழே, குழிக்குள் இருப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். மேலே இருப்பவர் “கரன்ட் போடறேன்” என்று கத்த வேண்டும். கீழே இருப்பவர் “கரன்ட் போடு” என்று முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ம்’ செல்லாது. ‘சரி’யும் செல்லாது, அதைத் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடலாம். பதில் வராமல் சுவிட்சைத் தொடுகிறவன் மெக்கானிக்கே இல்லை என்பார் என் கணவர்.

அதே கம்பெனியில்தான் எனக்கும் வேலை. லிஃப்ட் நின்றுபோனால் நீங்கள் கூப்பிடுகிற எண்ணில் பேசுவது நான். எந்த ஜோடியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வதும் நான். என் கணவருக்கு ஜோடி என் தம்பி.

போன வருடம் தம்பி காலையிலேயே ஊற்றிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டான். மேலே இருந்து இவர் கத்தியிருக்கிறார். பதில் இல்லை. மறுபடி கத்தியும் பதில் இல்லாததால், அத்தனை மாடியும் படி இறங்கி ஓடி வந்திருக்கிறார். லிஃப்டில் ஆள் ஏறும் பெட்டிக்கு மறுபக்கத்தில் ஓர் எடைக்கட்டு தொங்கும். பெட்டி மேலே போனால் அது கீழே வரும். அது வந்து நிற்கும் இடத்தில் தலையைச் சாய்த்து இவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அன்றோடு தம்பி குடியை விட்டான். இவர் விடவில்லை.

“நான் எதுக்கு விடணும்? நான் என்ன குடிகாரனா? தனியா குடிக்கறவன்தான் குடிகாரன். நாலு பேரு சேர்ந்தா நான் குடிப்பேன், இல்லேன்னா பாட்டிலத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.”

இது பொய் இல்லை. இத்தனை வருடத்தில் அவர் தனியாகக் குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரைத் தூக்கி “சியர்ஸ்” என்பார். எதிரே இருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை உதட்டில் வைக்க மாட்டார். மோட்டார் அறையில் பழகிய பழக்கம் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது. ஆள் இல்லாமல் சுவிட்ச் இல்லை, ஆள் இல்லாமல் டம்ளரும் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குப் புரியவே நாளானது. ஆள் இருந்தால்தான் குடிப்பேன் என்பவர், குடிக்கத் தோன்றும்போதெல்லாம் ஆள் தேடுவார். முதலில் வேலையிடத்து நண்பர்கள். வாரம் ஒருமுறை என்று இருந்தது வாரத்தில் பாதி நாள் என்று ஆனதும் அவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பிறகு கீழ்வீட்டு வாத்தியார். அவர் மனைவி வந்து என்னிடம் சண்டை போட்டதோடு அதுவும் நின்றது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த பெயின்டர் அடித்துக்கொண்டே இருந்தார், ஒரு சுவர் முடிய ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் மிச்சம் இருந்தது தம்பிதான்.

“நீ குடிக்க வேணாம்டா மச்சான். தண்ணிய ஊத்திக்கிட்டு உக்காரு. சியர்ஸ் மட்டும் சொல்லு.”

உயிரைக் காப்பாற்றியவர் கேட்கிறார். எப்படி மாட்டேன் என்பான்? தினமும் வேலை முடிந்து இங்கேயே வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நாளில் தண்ணீர் சோடாவாயிற்று. “பச்சத் தண்ணிய வெச்சு சியர்ஸ் சொன்னா சாபம் குடுக்கற மாதிரி இருக்குடா” என்றார்.

போன வாரம் மேசையைத் துடைக்கும்போது தம்பியின் டம்ளர் என் கைக்கு வந்தது. முகர்ந்து பார்த்தேன். அவன் தலை குனிந்திருந்தது.

“யாரு ஊத்தினது?”

“மாமாதாங்கா. ஒரே ஒரு மூடி. வாசனைக்குன்னாரு.”

“வாசனைக்கு ஊத்த இது என்ன ரசமா?”

“ஏய், நான் பக்கத்துலயேதானே இருக்கேன். என்னை மீறி ஒரு சொட்டு போயிடுமா? அன்னிக்கு இவனப் பாத்துக்கிட்டது யாரு?” என்றார் இவர்.

இதற்குமேல் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? எந்த விதி அவனைக் குழியிலிருந்து தூக்கியதோ, அதே விதியால் அவனை மறுபடி உள்ளே இறக்குகிறார். விளக்கிச் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன், கத்திச் சொன்னேன், பேசாமல் இருந்தும் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நேற்றுக் காலை என் கையில் இருந்த ஒரே அதிகாரத்தை எடுத்தேன். தம்பியை ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு, வேறொரு மெக்கானிக்கோடு மாற்றிவிட்டேன்.

சாயங்காலம் வந்ததும் இவர் பையை வீசினார்.

“யாரக் கேட்டு ஜோடியப் பிரிச்ச?”

“அனுப்புறது என் வேலை. யாரையும் கேக்க வேண்டியதில்ல.”

“அவன் என் கையில வளந்த பையன்.”

“கையில டம்ளர் இருக்கே, அவன எங்க வெச்சு வளப்பீங்க?”

இவர் பாட்டிலைத் திறந்தார், ஊற்றினார், டம்ளரைத் தூக்கினார். எதிரே நாற்காலி காலி. என்னைப் பார்த்தார்.

“இப்படி வந்து உக்காரேன். குடிக்க வேணாம். சும்மா.”

நான் சமையலறைக்குப் போனேன். டம்ளரோடு அங்கேயும் வந்து நின்றார். துணி மடிக்க உள்ளே போனேன். அங்கேயும் வந்தார். “ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போகும்?” குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். கதவுக்கு வெளியே நின்று செருமினார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு போன் போட்டார். ஸ்பீக்கரில் தம்பியின் குரல் கேட்டது.

“சொல்லுங்க மாமா.”

“மச்சான், எங்கடா இருக்க? சரி, அங்கயே இரு. சியர்ஸ் மட்டும் சொல்லிட்டு வெச்சிடு.”

நான் தாழைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் பஸ் சத்தம், யாரோ டிக்கெட் கேட்கும் சத்தம்.

“மச்சான்? சியர்ஸ்டா.”

தம்பி பதில் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவன் மூச்சு விடுவது எனக்கே கேட்டது.

“டேய், கேக்குதா?”

“கேக்குது மாமா,” என்றான். வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

தாழைத் திறந்து வந்து பார்த்தேன். மேசையில் டம்ளர் நிரம்பியபடியே இருந்தது. அவர் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். தொடவில்லை, தொடவே இல்லை. பக்கத்தில் போய்த் தோளில் கை வைக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் அவர் எழுந்துபோய் டிவியைப் போட்டார். செய்தி தொடங்கும் நேரம். கோட்டுப் போட்ட ஒருவர் கைகூப்பி, “வணக்கம்” என்றார்.

“வணக்கம்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு, என் கணவர் டம்ளரை எடுத்தார்.