சுத்தம் என்ற சொல்

அவள் வேலை செய்யும் கண்ணாடி அறை, மாநாட்டுக் கூடத்தின் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. இரண்டு நாற்காலி, இரண்டு மைக், தண்ணீர் ஜாடி ஒன்று, அவ்வளவுதான். கீழே அவளுடைய நாட்டுப் பிரதிநிதி பேசப் பேச, ஹெட்போனில் கேட்டு அதே மூச்சில் மாநாட்டின் பொதுமொழியில் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். அவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும். பதினான்கு வருஷமாக அவளுக்குச் சோறு போடுவது இந்த ‘நான்’தான்.

பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும் என்பது விதி. இருபத்தெட்டாவது நிமிஷத்திலேயே மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான். “நம்ம நாக்கை வாடகைக்கு விட்டிருக்கோம். குடிவந்தவன் உள்ள என்ன பண்ணாலும் நாம எட்டிப் பாக்கக்கூடாது.”

அன்று விவாதத்துக்கு வந்தது ஆறாவது பிரிவு. பெண் குழந்தைகளின் உறுப்பை வெட்டுவதை யார் செய்தாலும், எங்கே செய்தாலும் குற்றம் என்று எல்லா நாடுகளும் சட்டம் கொண்டுவரவேண்டும். அந்தப் பிரிவு சொல்வது இதைத்தான். மூன்று வருஷம் இழுத்தடித்து இந்த ஒரு வரிக்கு வந்திருந்தார்கள். காலையில் அவளுடைய நாடு ஒரு திருத்தம் கொடுத்திருந்தது. ‘தகுதி பெற்ற மருத்துவர் மருத்துவமனையில் செய்வது நீங்கலாக’ என்று ஐந்தாறு சொல். யாரும் எதிர்க்காவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அது உள்ளே போய்விடும்.

பிரதிநிதி நல்ல உயரம், கணீரென்ற குரல். காலையில் நடைபாதையில் பார்த்தபோது, “நம்ம ஊர்ப் பொண்ணு இருக்கிற தைரியத்துலதான் பேசப்போறேன்” என்று சிரித்துவிட்டுப் போனவர். இப்போது மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“எங்கள் தாய்மார்கள் இதைச் சுத்தம் என்கிறார்கள். சின்னச் சுத்தம். அதைப் பிளேடு வைத்திருப்பவர்கள் கையிலிருந்து வாங்கி, கையுறை போட்ட மருத்துவரிடம் கொடுக்கிறோம். இதில் என்ன தப்பு?”

அவள் சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்ததை மற்ற கண்ணாடி அறைகளில் இருந்தவர்கள் வாங்கித் தத்தம் மொழியில் சொன்னார்கள். கீழே தலைகள் ஆடின. சுத்தம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஏழு வயதில் அவளுக்கும் கையுறை போட்ட டாக்டர்தான் செய்தார். வெள்ளை ஓடு பதித்த அறை. சித்தி தோளைப் பிடித்துக்கொண்டு, “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், கண்ணு” என்றாள். கருவிகளைக் கொதிக்க வைத்துத்தான் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. இருபது வருஷம் கழித்துப் பிரசவ அறையில் இரண்டு நாள் கிடந்தபோது, பழைய வடுவைப் பார்த்த மருத்துவச்சி வெளியே போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தாள்.

“இந்தச் சுத்தத்தால் எங்கள் பெண்களுக்கு ஒரு தீங்கும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.”

நான் உறுதியாகச் சொல்கிறேன் என்று அவளும் சொன்னாள். கை தண்ணீர் ஜாடியைத் தேடியது. கடிகாரம் திரும்பிப் பார்த்து, ‘நான் எடுத்துக்கட்டுமா?’ என்று சைகை காட்டினார். அவள் தலையசைத்து மறுத்தாள்.

ஒரு சொல்லை மாற்றினால் போதும். சுத்தம் என்கிற இடத்தில் வெட்டு என்று சொன்னால் கூடமே புரண்டுவிடும். ஆனால் அது அவர் சொன்னதில்லையே. திருட்டுத்தனமாக ஒரு சொல்லை நுழைத்துவிட்டு நாளைக்கு இதே நாற்காலியில் எப்படி உட்காருவது?

அவைத்தலைவி கடைசித் தாளைப் புரட்டினார். “வேறு கருத்து இல்லையென்றால் திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாக...”

அவள் பொதுமொழி மைக்கில் பேசிவிட்டாள். “அவைத்தலைவி அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரின் வேண்டுகோள். சுத்தம் என்ற சொல்லுக்குச் சரியான பொருள் எனக்குத் தெளிவாக வேண்டும். உடம்பின் எந்த இடத்தில், என்ன செய்யப்படுகிறது என்று பேச்சாளர் சொல்ல முடியுமா?”

சந்தேகம் வந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம் என்று விதி உண்டு. ஊர்ப்பெயர், புள்ளிவிவரம் என்று கேட்பார்கள். இப்படி ஒரு கேள்வியை அந்தக் கூடம் கேட்டதில்லை. நூறு தலைகள் பின்னால் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தன. கடிகாரத்தின் கை அவளுடைய மைக் பொத்தானை நோக்கி வந்தது. பாதி வழியில் நின்றது.

“நியாயமான கேள்வி. சொல்லுங்கள்” என்றார் அவைத்தலைவி.

பிரதிநிதி இருமினார். “அது... எல்லாருக்கும் தெரிந்ததுதானே. சின்ன விஷயம்.”

அவள் அதையும் அப்படியே சொன்னாள், இருமலைத் தவிர.

அவைத்தலைவி விடவில்லை. “எனக்குத் தெரியாது. சொல்லுங்கள்.”

அவர் காகிதத்தைப் புரட்டினார், தண்ணீர் குடித்தார், கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். அத்தனை பெரிய குரலுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த சுகாதாரத்துறை டாக்டரம்மாவைப் பார்த்தார். மூன்று நாளாக வாய் திறக்காத அந்த அம்மாள் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

“ஆறேழு வயதுக் குழந்தையின் பிறப்புறுப்பிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுப்பது. அந்த உறுப்பில் நோய் எதுவும் இருப்பதில்லை. வெட்டியதைத் திரும்ப வைக்க எனக்குத் தெரிந்து எந்த மருத்துவருக்கும் வழி தெரியாது. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.”

அவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதலில் ஒரு நாட்டின் பெயர்ப்பலகை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. அவைத்தலைவி எண்ணி முடிப்பதற்குள் பதினேழு எதிர்ப்பு. சாப்பாட்டுக்கு முன்னால் முடிகிற விஷயமாக அது இல்லை.

மூன்று மணிக்கு அவளுடைய நாட்டுக் குழுவிடமிருந்து அவள்மேல் எழுத்தில் புகார் வந்தது. மொழிபெயர்ப்புப் பிரிவின் மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். “நிஜமாவே உனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியலையா?”

“தெரியும் மேடம்.”

“அப்புறம் ஏன் கேட்டே?”

“அவங்களுக்குத் தெரியல. நான் சுத்தம் சுத்தம்னு சொல்லச் சொல்ல, கீழ எல்லாரும் கை கழுவுற மாதிரி ஏதோ சின்ன விஷயம்னு நெனச்சுட்டு இருந்தாங்க.”

மேலாளர் புகாருக்கு அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். கடிகாரமும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார்: கேட்டது விதிக்கு உட்பட்டது, மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. அவர் கைப்பட எழுதியது. ஆனாலும் மிச்சமிருந்த இரண்டு நாளும் அவள் அந்தக் கூடத்துப் பக்கம் போகக்கூடாது என்று ஆயிற்று.

வெளியே வந்தால் லிப்ட்டில் பிரதிநிதி, தனியாக. அவள் ஏறியதும் கதவு மூடிவிட்டது, இனி இருவரும் இறங்க முடியாது.

“என் தலையைக் குனிய வச்சுட்டியேம்மா” என்றார்.

“நான் கேள்விதான் கேட்டேன் சார்.”

எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மறுபடி பேசியபோது அவர் குரல் இறங்கியிருந்தது. “எனக்குப் பன்னெண்டு வயசுல ஒரு பொண்ணு. அவளுக்கு ஏழு வயசுல நல்ல டாக்டராப் பாத்துத்தான் செஞ்சோம். அப்புறம் ஒரு மாசம் அவ என் மடியில வந்து உக்காரல. நான் ஏன்னு கேக்கவே இல்ல.”

கீழ்த்தளம் வந்தது. அவர் வழிவிட்டு நின்றார். அவள் முதலில் இறங்கினாள்.

மறுநாள் சரக்குப் பெட்டிகளின் பூட்டு எத்தனை அங்குலம் இருக்கவேண்டும் என்ற கூட்டத்தில் அவளைப் போட்டார்கள். பதினொரு மணிக்குக் கடிகாரம் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

“திருத்தத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. ஆறாவது பிரிவு நிறைவேறிடுச்சு. யார் செஞ்சாலும், எங்க செஞ்சாலும். எட்டு நாடு வாக்களிக்காம ஒதுங்கிக்கிச்சு.”

“நம்ம நாடு?”

“அந்த எட்டுல ஒண்ணு. எதிர்த்துக் கை தூக்கல.”

எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. இனி ஒவ்வொரு நாடும் தன் வீட்டில் சட்டம் எழுதவேண்டும்; அதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே ஒருவர் பேச எழுந்தார், மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. “நன்றி, அவைத்தலைவர் அவர்களே. நான் தாழ்ப்பாளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்” என்று அவள் ஆரம்பித்தாள்.